எடிசனின் மின்சார கார் கனவு

1896-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தை ஒட்டிய கடற்கரையில் ஒரு பெரிய ஓட்டல். மின்சாரக் கம்பெனி அதிகாரிகளுக்கு அங்கே விருந்து நடந்துகொண்டு இருந்தது. விருந்தின் நாயகர், தாமஸ் ஆல்வா எடிசன். மின்சார விளக்கைக் கொடுத்தவர். பேசும் பெட்டியைக் கண்டுபிடித்தவர். உலகமே புகழ்ந்த விஞ்ஞானி.

பேச்சு மின்சார வண்டிகளைப் பற்றித் திரும்பியது. குதிரை இல்லாத வண்டிகள் வரப்போகின்றன. அவற்றின் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும். அதனால் மின்சாரக் கம்பெனிகளுக்கு நல்ல வருமானம் வரும். எல்லோருக்கும் மகிழ்ச்சி!

அப்போது ஒருவர் எழுந்து, மேஜையின் கோடியில் இருந்த ஓர் இளைஞரைச் சுட்டிக் காட்டினார். இவர் எங்கள் கம்பெனி என்ஜினீயர். ஆனால் பெட்ரோலில் ஓடும் வண்டியைச் செய்து வைத்து இருக்கிறார் என்று வேடிக்கையாகச் சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். எடிசன் சிரிக்கவில்லை. காதில் கையை வைத்துக் கேட்டார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. இளைஞரைத் தன் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்டார். இளைஞர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார்.

கடைசியில் எடிசன் மேஜையில் ஓங்கிக் குத்தினார். இதுதான் சரியான வழி, விடாதே என்று உற்சாகப்படுத்தினார். மின்சார வண்டி மின்சார நிலையத்தை விட்டு அதிக தூரம் போக முடியாது. பாட்டரியும் பெருத்த பாரம். நீராவி வண்டிக்கோ கொதிகலனும் நெருப்பும் வேண்டும். உன் வண்டி தன் பலத்தைத் தானே சுமந்து செல்கிறது என்று அவர் விளக்கமும் சொன்னார்.

அந்த இளைஞருக்கு அப்போது வயது 33. பெயர், ஹென்றி போர்டு.

பெட்ரோல் காருக்கு இப்படி ஆசி கூறிய எடிசன், மூன்றே ஆண்டுகளில் மனம் மாறினார். மின்சார கார்தான் சிறந்தது என்று கிளம்பினார். பத்து ஆண்டுகளையும் பெரும் பணத்தையும் அதற்காகக் கொட்டினார். அவர் தோற்றது யாரிடம் தெரியுமா? தாம் மேஜையைக் குத்தி வாழ்த்திய அதே போர்டிடம்!

ரயிலில் பத்திரிகை விற்ற சிறுவன்

எடிசன் 1847-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் மிலான் என்ற ஊரில் பிறந்தார். வீட்டுக்கு ஏழாவது பிள்ளை, கடைக்குட்டி. பள்ளிக்கூடத்துக்குப் போனது சில மாதங்கள்தான். பிறகு தாயார் நான்சியே அவருக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

பன்னிரண்டு வயதில் ரயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்றார். சாமான் பெட்டியின் ஒரு மூலையில் புட்டிகளை அடுக்கி வைத்து, ரசாயன சோதனை செய்தார். ஒரு நாள் பெட்டியில் தீப்பிடித்தது. கோபம் கொண்ட கார்டு காதில் அறைந்ததால்தான் அவர் செவிடானார் என்று ஒரு கதை உண்டு. ஓடும் ரயிலில் ஏற முயன்றபோது ஒருவர் காதைப் பிடித்துத் தூக்கினார், அதனால்தான் என்று எடிசனே சொன்னதும் உண்டு. எப்படியோ, காது போனது போனதுதான். ஊர்ப்பேச்சு காதில் விழாததால் வேலையில் கவனம் சிதறவில்லை என்று அதையும் ஒரு லாபமாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

தந்தி குமாஸ்தாவாக ஊர் ஊராகச் சுற்றினார். 1877-ல் பேசும் பெட்டியைச் செய்தார். 1879-ல் மின்சார விளக்கு. 1882-ல் நியூயார்க்கில் மின்சார நிலையம் அமைத்து, வீடுகளுக்கும் கடைகளுக்கும் விளக்குப் போட்டார். இந்தக் கதை எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே.

முதல் மனைவி மேரி 1884-ல் இறந்துபோனார். இரண்டு ஆண்டுகள் கழித்து மீனா என்ற பெண்ணை மணந்தார். நியூஜெர்சி மாநிலத்தில் வெஸ்டு ஆரஞ்சு என்ற ஊரில் வீடு. அருகிலேயே பெரிய சோதனைச் சாலை.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1890-க்குப் பிறகு எடிசன் இரும்பு மண்ணை அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரிக்கும் தொழிலில் இறங்கினார். மலையையே உடைத்தார்! ஆனால் வேறு இடத்தில் மலிவான இரும்புத் தாது அகப்பட்டுவிட்டது. எடிசனுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். தாம் தொடங்கிய மின்சாரக் கம்பெனியில் இருந்த பங்குகளையும் இதற்காகவே விற்று இருந்தார்.

வேறு ஒருவராக இருந்தால் சோர்ந்து படுத்து இருப்பார். 52 வயதில், 1899-ல், எடிசன் புதிதாக ஒரு வேலையைத் தொடங்கினார். அதுதான் பாட்டரி.

மூன்று வகைக் கார்கள்

அந்தக் காலத்துக் கார்கள் எப்படி இருந்தன என்று தெரிந்தால்தான் இந்தக் கதை புரியும்.

1900-ம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்கள் 4,192. அவற்றில் 1,681 நீராவியால் ஓடியவை. 1,575 மின்சாரத்தால் ஓடியவை. பெட்ரோல் கார்கள் 936 மட்டுமே. ஆம், பெட்ரோல் கார்தான் அன்று கடைசி!

நீராவிக் காரில் போக வேண்டும் என்றால், முதலில் நெருப்பு மூட்டித் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். அவசரத்துக்கு உதவாது. வழியில் தண்ணீருக்கும் நிற்க வேண்டும்.

பெட்ரோல் காரைக் கிளப்ப, முன்னால் ஒரு இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். அதற்கு நல்ல பலம் வேண்டும். சில சமயம் என்ஜின் திருப்பி உதைக்கும். கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று கையை முறித்துவிடும். கிளம்பிய பிறகு படபட என்ற சத்தம், புகை, நாற்றம். கியர் மாற்றுவதோ பெரிய வித்தை.

மின்சார காரில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஏறி உட்கார்ந்து ஒரு கம்பியைத் தள்ளினால் போதும். சத்தம் இல்லாமல் நகரும். புகை இல்லை. கையில் எண்ணெய் படாது. வெள்ளை உடை உடுத்திய பெண்கள் தாங்களே ஓட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனார்கள். நள்ளிரவில் நோயாளி வீட்டுக்கு ஓடும் டாக்டர்களுக்கும் அது பிடித்து இருந்தது.

எடிசனின் அபிப்பிராயமும் இதுதான். பெட்ரோல் காரில் சுழலும் சக்கரங்களும் தண்டுகளும் அதிகம், நாற்றமும் சத்தமும் அதிகம். மின்சார காரில் கெட்டுப்போகக் கூடிய உறுப்புகள் மிகக் குறைவு என்று அவர் கருதினார். சொன்னதோடு நிற்கவில்லை. அவர் வாங்கிய முதல் காரே பேக்கர் கம்பெனி செய்த மின்சார கார்தான். 1902-ல் ஸ்டூடிபேக்கர் கம்பெனி மின்சார கார் செய்யத் தொடங்கியபோது, இரண்டாவது காரை வாங்கியவரும் எடிசனே.

ஆனால் ஒரு குறை. அது சின்னக் குறை அல்ல!

மின்சார காரின் உயிர் பாட்டரியில் இருந்தது. அன்றைய பாட்டரியில் ஈயத் தகடுகள் இருந்தன. அவை கடுமையான திராவகத்தில் மூழ்கி இருந்தன. ஈயம் பாரம். ஆட்களைச் சுமப்பதைவிடத் தன்னைத் தானே சுமப்பதே வண்டிக்குப் பெரிய வேலையாக இருந்தது. திராவகம் தகட்டைத் தின்றது. குலுங்கினால் தகட்டில் பூசிய மருந்து உதிர்ந்தது. சிறிது தூரம் ஓடியதும் வீட்டுக்குத் திரும்பி, இரவு முழுவதும் மின்சாரம் ஏற்ற வேண்டும்.

எடிசனுக்கு ஈய பாட்டரியைக் கண்டாலே ஆகாது. 1883-லேயே, பாட்டரி வியாபாரம் என்பதே மக்களை ஏமாற்றும் தொழில் என்று பத்திரிகைக்குச் சொன்னவர் அவர். இப்போது அவரே பாட்டரி செய்யப் போகிறார்!

ஒன்பதாயிரம் சோதனைகள்

எடிசன் நினைத்த பாட்டரி எப்படிப்பட்டது? ஈயம் கூடாது. திராவகம் கூடாது. பாரம் குறைவாக இருக்க வேண்டும். கல்லிலும் குழியிலும் குலுங்கினாலும் கெடக் கூடாது. பல மாதம் சும்மா கிடந்தாலும் பழுதாகக் கூடாது. வண்டி தேய்ந்துபோனாலும் பாட்டரி இருக்க வேண்டும்!

திராவகத்துக்குப் பதில் காரநீரை எடுத்துக்கொண்டார். அதில் எந்த உலோகம் வேலை செய்யும்? தாமிரம், காட்மியம், கோபால்ட் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். இரவு பகலாகச் சோதனை. எடிசன் சட்டையைக் கழற்றாமலே சோதனைச் சாலையில் மேஜை மேல் படுத்துத் தூங்குவார். எழுந்ததும் மறுபடி வேலை.

சோதனைகளின் எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டியது. ஒரு நாள் அவருடைய பழைய நண்பர் பார்க்க வந்தார். இத்தனை உழைத்தும் பலன் கிடைக்கவில்லையே என்று அனுதாபப்பட்டார். எடிசன் புன்னகை செய்தார். பலன் கிடைக்கவில்லை என்று யார் சொன்னது, எவை எவை உதவாது என்று ஆயிரக்கணக்கில் தெரிந்துகொண்டேனே என்று பதில் அளித்தார்.

முடிவில் நிக்கலும் இரும்பும் ஜோடி சேர்ந்தன. 1901-ல் இதற்காகத் தனிக் கம்பெனி தொடங்கினார்.

அதே சமயத்தில் சுவீடன் நாட்டில் யுங்னர் என்ற விஞ்ஞானியும் இதே பாதையில் போய்க்கொண்டு இருந்தார். இருவருக்கும் இடையே காப்புரிமைச் சண்டை மூண்டது. எடிசனிடம் பணமும் பெயரும் இருந்தன. யுங்னருக்கு அவை இல்லை. கார பாட்டரியின் பெருமையில் யுங்னருக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

நிக்கல் தேடி எடிசன் கனடா நாட்டுக்கே போனார். சட்பரி என்ற ஊரின் பக்கம் நிலத்தை வாங்கிச் சுரங்கம் தோண்டினார். கொஞ்ச ஆழத்திலேயே புதை மணல் குறுக்கிட்டது. கைவிட்டுத் திரும்பினார். பிற்காலத்தில் அதே இடத்தில்தான் புகழ்பெற்ற பால்கன்பிரிட்ஜ் நிக்கல் சுரங்கம் வந்தது! இன்னும் ஆழமாகத் தோண்டியவர்களுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை.

செய்த பாட்டரியை எப்படிச் சோதித்தார்கள் தெரியுமா? மாடி ஜன்னலில் இருந்து கீழே போட்டார்கள்! பிறகு எடுத்து, வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். யந்திரத்தில் கட்டி, ஆயிரக்கணக்கான தடவை தூக்கித் தூக்கிப் போட்டார்கள். கார்களில் வைத்து, மிகவும் மோசமான சாலைகளாகத் தேடிப் பிடித்து ஓட்டினார்கள்.

எடிசனுக்கு நம்பிக்கை பிறந்தது. நகரத் தெருக்களில் குதிரைக்கு இனி வேலை இல்லை என்று முழங்கினார். பத்திரிகைகள் அதைப் பெரிதாக வெளியிட்டன.

திரும்பி வந்த பாட்டரிகள்

1903-ல் பாட்டரி விற்பனைக்கு வந்தது. கார் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கின.

சில மாதங்கள் கழித்துப் புகார்கள் வரத் தொடங்கின. இரும்புப் பெட்டியின் இணைப்புகள் விட்டுப்போய்க் காரநீர் ஒழுகியது. சில பாட்டரிகளில் பலம் குறைந்துகொண்டே வந்தது. புதிதில் ஓடிய தூரம் இப்போது ஓடவில்லை.

சோதனைச் சாலையில் பிழைத்தது, தெருவில் பிழைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் எடிசனின் குணத்தைப் பார்க்க வேண்டும். அவருடைய பெயருக்காகவே மக்கள் பாட்டரியை வாங்கிக்கொண்டு இருந்தார்கள். புது ஆர்டர்கள் வந்தபடி இருந்தன. விற்றுக்கொண்டே சரி செய்யலாம் என்று கூட இருந்தவர்களில் சிலர் கருதினார்கள். எடிசன் ஒப்பவில்லை. 1904-ம் ஆண்டு முடிவதற்குள் தொழிற்சாலையையே நிறுத்திவிட்டார்! குறைபாடு உள்ள பாட்டரிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பணத்தைச் சொந்தக் கையில் இருந்து கொடுத்தார்.

வாய்வீச்சுக்குப் பெயர் போனவர்தான் எடிசன். விளம்பரத்தில் கெட்டிக்காரர். ஆனால் ஓட்டைப் பொருளை விற்று லாபம் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

மீண்டும் முதலில் இருந்து ஆரம்பம். ஐந்து ஆண்டுகள்! பேசும் பெட்டியிலும் சினிமாவிலும் வந்த லாபம் எல்லாம் பாட்டரிக்கே போயிற்று. இடையில் காதில் அறுவைச் சிகிச்சை வேறு. இருந்த கொஞ்சம் காதும் போயிற்று. 1906-ல் கோபால்ட் என்ற உலோகத்தைத் தேடி வட கரோலினாவின் மலைப் பாதைகளில் காரிலேயே சுற்றினார். வயது அப்போது 59.

பாட்டரியின் பலம் ஏன் குறைந்தது? நிக்கல் மருந்தோடு, பென்சிலில் இருக்கும் கருப்பு மருந்தைக் கலந்து இருந்தார்கள். மின்சாரம் பாய அது உதவியாக இருந்தது. ஆனால் நாளடைவில் அதுவே கெட்டுப்போயிற்று. அதற்குப் பதிலாக நிக்கலையே மெல்லிய தகடாக்கிப் போட்டால் என்ன என்று எடிசன் நினைத்தார்.

எவ்வளவு மெல்லிய தகடு! தாமிரம் ஒரு பூச்சு, நிக்கல் ஒரு பூச்சு என்று மாற்றி மாற்றிப் பூசினார்கள். பிறகு தாமிரத்தை மட்டும் கரைத்துவிட்டார்கள். மிஞ்சியது பூவிதழைவிட மெல்லிய நிக்கல் இழைகள். ஊதினால் பறந்துவிடும். அந்த இழையையும் நிக்கல் மருந்தையும் சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள இரும்புக் குழாயில் நூற்றுக்கணக்கான அடுக்குகளாக வைத்து இடித்தார்கள். காரநீரில் லித்தியம் கலந்த பொருளையும் சிறிது சேர்த்தார்கள். பாட்டரியின் பலம் கூடியது.

1909-ம் ஆண்டு புதிய பாட்டரி வெளிவந்தது. தொடங்கிப் பத்து ஆண்டுகள். செலவு 10 லட்சம் டாலருக்கு மேல். இந்தத் தடவை அது ஒழுகவில்லை. பலமும் குறையவில்லை. பல ஆண்டுகள் உழைத்தது. 1910-ல் எடிசன் பாட்டரி வைத்த பெய்லி மின்சார கார் ஆயிரம் மைல் சுற்றுப்பயணம் செய்து திரும்பியது.

டெட்ராய்டு எலக்ட்ரிக் என்ற கார் அப்போது மிகப் பிரபலம். ஒரு தடவை மின்சாரம் ஏற்றினால் 80 மைல் போகும் என்று அந்தக் கம்பெனி விளம்பரம் செய்தது. ஒரு சோதனை ஓட்டத்தில் 211 மைல்கூட ஓடியது!

எடிசன் ஜெயித்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

குறுக்கே வந்த போர்டு

ஆனால் அந்தப் பத்து ஆண்டுகளில் உலகம் சும்மா இருக்கவில்லை.

1901-ல் டெக்சாஸ் மாநிலத்தில் பூமியில் இருந்து எண்ணெய் பீறிட்டு அடித்தது. பெட்ரோல் மலிவாயிற்று. 1908-ல் ஹென்றி போர்டு தமது "டி" மாடல் காரைக் கொண்டு வந்தார். அதன் விலை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. 1913-ல் 550 டாலர். 1914-ல் 490 டாலர். 1916-ல் 360 டாலர்!

டெட்ராய்டு எலக்ட்ரிக் காருக்கு எடிசன் பாட்டரி வேண்டும் என்றால், கார் விலைக்கு மேல் 600 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதாவது, பாட்டரிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு முழுப் போர்டு காரையே வாங்கிவிடலாம். மீதியில் பெட்ரோலும் வாங்கலாம். குடும்பஸ்தன் எதை வாங்குவான்?

அமெரிக்காவில் கார் வாங்கியவர்களில் விவசாயிகள் ஏராளம். அவர்களுடைய கிராமங்களுக்கு மின்சாரக் கம்பி போகவில்லை. மின்சார காரை வாங்கி எங்கே கொண்டுபோய் மின்சாரம் ஏற்றுவது? பெட்ரோல் என்றால் டின்னில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். 1896-ல் விருந்து மேஜையில் எடிசனே சொன்ன காரணம் இது!

கைப்பிடி சுற்றும் தொல்லை ஒன்றுதான் பெட்ரோல் காருக்குப் பாக்கி இருந்தது. அதையும் சார்லஸ் கெட்டரிங் என்ற என்ஜினீயர் ஒழித்துவிட்டார். 1912-ம் ஆண்டின் காடிலாக் காரில் பொத்தானை அழுத்தினால் என்ஜின் தானே கிளம்பியது. கிளப்பியது எது? ஒரு சின்ன மின்சார மோட்டார். அதற்குப் பலம் கொடுத்தது ஈய பாட்டரி! எடிசன் வெறுத்த அதே ஈய பாட்டரி, மின்சார காரை வீழ்த்த உதவியது.

எடிசன் பாட்டரியால் அந்த வேலையைச் செய்ய முடியாதா? முடியவில்லை. அது நெடுந்தூரம் ஓடும் மாடு போன்றது, பாய்ந்து இழுக்காது. என்ஜினைக் கிளப்ப ஒரு நொடியில் ஏராளமான மின்சாரம் வேண்டும். அதை எடிசன் பாட்டரியால் கொடுக்க இயலவில்லை. குளிர் காலத்தில் இன்னும் மோசம்.

போட்டியாளர்கள் இருவரும் பகைவர்களாக இருந்தார்களா? இல்லை. நேர்மாறு! போர்டு எடிசனைக் குரு போல் போற்றினார். தமது மேஜைக் குத்தை எடிசன் மறந்து இருக்கலாம், போர்டு மறக்கவில்லை. யாரும் நம்பாத காலத்தில் நம்பியவர் என்ற நன்றி அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது.

எடிசனின் பாட்டரித் தொழிலுக்குப் போர்டு பெருந்தொகை கடன் கொடுத்தார். அதோடு நிற்காமல், 1914-ம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு செய்தியை வெளியிட்டார். எடிசன் பாட்டரியை வைத்து, மலிவு விலையில் மின்சார கார் செய்யப் போவதாக அறிவித்தார். பெட்ரோல் கார் மன்னரே மின்சார கார் செய்கிறார்! நாடே பரபரப்பு அடைந்தது.

மாதிரிக் கார்கள் சில தயாராயின. ஆனால் எடிசன் பாட்டரியில் அவை திருப்தியாக ஓடவில்லை. வண்டியை ஓட வைக்க போர்டின் என்ஜினீயர்கள் ஈய பாட்டரியைப் பொருத்தினார்கள். இது தெரிந்ததும் போர்டுக்குக் கோபம் வந்தது. எடிசன் பாட்டரி இல்லை என்றால் கார் வேண்டாம் என்ற நிலை. காரியம் இழுத்துக்கொண்டே போய், சத்தம் இல்லாமல் நின்றுவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், போர்டின் வீட்டிலேயே மின்சார கார் இருந்தது! லட்சக்கணக்கில் பெட்ரோல் கார்களைச் செய்து தள்ளியவரின் மனைவி கிளாரா, டெட்ராய்டு எலக்ட்ரிக் காரில்தான் உலாவினார். பெட்ரோல் காரின் சத்தமும் நாற்றமும் அந்த அம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

தீயும் வெடியும்

1914-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி மாலை. வெஸ்டு ஆரஞ்சில் எடிசனின் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கட்டிடம் கட்டிடமாகத் தீ பரவியது. எடிசனுக்கு அப்போது வயது 67. மகன் சார்லஸ் பதறி ஓடி வந்து தேடினார். எடிசன் கலங்காமல் நின்று தீயைப் பார்த்துக்கொண்டு இருந்தார். உன் அம்மாவைக் கூட்டி வா, இப்படி ஒரு தீயை அவள் இனிமேல் பார்க்க முடியாது என்று மகனிடம் சொன்னாராம். அடுத்த நாளே இடிபாடுகளை அகற்றும் வேலை தொடங்கியது.

அதைவிடப் பெரிய அடி 1916-ல் விழுந்தது.

கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்கள் நீருக்கு அடியில் பாட்டரியால்தான் ஓடும். ஈய பாட்டரிக்குள் கடல் நீர் புகுந்தால் விஷ வாயு கிளம்பும். மாலுமிகள் மூச்சு முட்டிச் சாவார்கள். எடிசன் பாட்டரியில் திராவகம் இல்லாததால் அந்த ஆபத்து கிடையாது. ஆகவே "இ-2" என்ற நீர்மூழ்கியில் எடிசன் பாட்டரியைப் பொருத்திச் சோதனை செய்தார்கள்.

விஷ வாயு வரவில்லை. ஆனால் எடிசன் பாட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வெளியாகும். அடைத்த இடத்தில் அது சேர்ந்தால், ஒரு பொறி போதும். 1916-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி, புரூக்ளின் கப்பல் தளத்தில் நின்றிருந்த "இ-2" வெடித்தது. 5 பேர் மாண்டனர். பலர் படுகாயம் அடைந்தனர்.

கப்பலில் காற்றோட்டம் சரியில்லை என்று எடிசனின் ஆட்கள் வாதாடினார்கள். ஆனால் மாண்டவர்கள் மாண்டவர்கள்தான். கடற்படைக்கு பாட்டரி விற்கும் ஆசை அத்துடன் மண்ணாயிற்று.

மூழ்கிப் போகவில்லை பாட்டரி! கார்களில் இடம் இழந்தாலும் வேறு இடங்களில் நுழைந்தது. ரயில் பெட்டிகளில் விளக்கு எரிய அது உதவியது. ரயில் பாதைக் கைகாட்டிகளுக்கு உதவியது. சரக்கு வண்டிகளை இழுத்தது. தேய்ந்தும் தேயாமல் பல ஆண்டுகள் உழைத்தது. எடிசனுக்கு அதில் நல்ல லாபமும் வந்தது.

எல்லாவற்றையும்விட, சுரங்கத் தொழிலாளிகளின் தலைவிளக்கைச் சொல்ல வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்தில் எரியும் வாயு நிறைந்து இருக்கும். தொழிலாளிகள் நெருப்பு விளக்கைத் தொப்பியில் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். வெடித்து நூற்றுக்கணக்கில் செத்தார்கள். எடிசன் தமது பாட்டரியைச் சிறிதாக்கி, இடுப்பில் கட்டும்படி செய்தார். தொப்பியில் மின்சார விளக்கு. நெருப்பு இல்லை. சுரங்கத்துக்குள் போன கணவன் மாலையில் திரும்புவானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்த பெண்களுக்கு, எடிசனின் பாட்டரி செய்த உதவி இது.

கூடாரமும் கார்களும்

வயதான பிறகு எடிசன், போர்டு, டயர் அதிபர் பயர்ஸ்டோன், எழுத்தாளர் பரோஸ் ஆகியோர் சேர்ந்து கோடை காலத்தில் காட்டுக்குப் போவார்கள். வரிசையாகக் கார்கள் செல்லும். இரவில் கூடாரம் அடித்துத் தூங்குவார்கள். கூடாரங்களில் எடிசன் பாட்டரியால் விளக்கு எரியும். கார்கள் மட்டும் பெட்ரோல் கார்கள்! காட்டுப் பாதையில் மின்சாரம் ஏற்ற வசதி ஏது? எடிசன் முன் சீட்டில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு குலுங்கினாலும் ரசித்தபடி வருவார்.

1929-ல் மின்சார விளக்கின் 50-வது ஆண்டு விழாவைப் போர்டு தமது ஊரான டியர்பார்னில் பெரிய அளவில் கொண்டாடினார். எடிசனின் பழைய சோதனைச் சாலையை அங்கே அப்படியே எழுப்பிக் காட்டினார்.

1931-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி எடிசன் தமது வீட்டில் காலமானார். வயது 84. மூன்று நாள் கழித்து இறுதிச் சடங்கு நடந்தது. அன்று இரவு அமெரிக்கா முழுவதும் மக்கள் ஒரு நிமிடம் விளக்குகளை அணைத்து அஞ்சலி செலுத்தினார்கள்.

மின்சார கார்கள் அதற்குள் தெருவில் அநேகமாக மறைந்துபோய் இருந்தன. ஆனால் எடிசன் கம்பெனியின் பாட்டரி அவருக்குப் பின்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் தயாராகி விற்றது. இன்று மின்சார கார்கள் மறுபடியும் சாலைக்கு வந்துவிட்டன. எடிசன் காரநீரில் ஒரு சிட்டிகை சேர்த்த லித்தியம்தான் இன்றைய கார் பாட்டரிகளில் முக்கியப் பொருள்.

எடிசன் இறந்தபோது, படுக்கை அருகில் சில கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. மகன் சார்லஸ் அவற்றின் வாயை மெழுகால் மூடச் செய்தார். தந்தையின் கடைசி மூச்சுக் காற்றாக ஒன்றைப் போர்டுக்குக் கொடுத்தார்.

அந்தக் குழாய் இன்றும் டியர்பார்னில் உள்ள போர்டு காட்சிசாலையில் இருக்கிறது. கிளாரா அம்மாள் ஓட்டிய 1914-ம் ஆண்டு மின்சார காரும் அதே காட்சிசாலையில்தான் இருக்கிறது.